வயிற்றால் இறங்கியது

விமானத்துக்குப் பெயரில்லை, எண் மட்டும்.
மஞ்சள் பூச்சு. இரட்டை எஞ்சின். பயிற்சிக்கு.
சஸ்காச்சவன் சமவெளிக்கு ரயிலில் வந்தது,
இறக்கைகள் தனிப் பெட்டியில்.
பிப்ரவரி, நாற்பத்திரண்டு.
மை உறைந்துவிட்டதால்
எழுத்தர் வெர்னா டக்டேல்
பென்சிலால் பதிவேட்டைத் தொடங்கினாள்.

மார்ச் 9: வால் சக்கரம் மாற்றியது.
ஏப்ரல் 22: இறக்கைத் துணி கிழிசல், ஓரடி. காரணம் வாத்து.
மே முழுக்கப் பறந்தது, புகாரில்லை.

சக்கரங்களை உள்ளே இழுக்க
கைப்பிடியை நூற்று நாற்பது சுற்று சுற்றவேண்டும்.
பையன்கள் எண்பதில் எண்ணிக்கையைத் தவறவிடுவார்கள்.
அய்வர் ப்ரோத்தெரோ எண்ணுவதில்லை,
வேல்ஸ் சுரங்கக்காரன் மகன்,
ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில் ஆறு சரணம் பாடுவான்,
ஆமென் சொல்லும்போது பூட்டு விழும்.

வழி தப்பினால்
தாழப் பறந்து, தானியக் கோபுரத்தின் நெற்றியில்
ஊர்ப் பெயரைப் படி என்பது பாடம்.
நவம்பரில் ஒருநாள் படித்தான்.
எழுதியிருந்தது மாவுக் கம்பெனியின் பெயர்.
அப்படியொரு ஊரை
வரைபடம் முழுக்கத் தேடினார்கள்,
எரிபொருள் தீரும்வரை.

பனிவயலில் வயிற்றால் இறங்கியது.
சேதம்: இரண்டு உந்துவிசிறி, ஒரு வேலி.
காரணம் என்ற கட்டத்தில் வெர்னா எழுதினாள்:
'படித்தவன் சரியாகத்தான் படித்தான்.'
அதிகாரி அடித்துவிட்டு
'கவனக்குறைவு' என்று திருத்தினார்.

பயிற்சி முடிந்து கடல் கடந்தவர்களுக்கு
இந்த ஏட்டில் இடமில்லை.
உதிரிபாகத்துக்கு உண்டு, எண்ணெய்க்கு உண்டு.
செய்தித்தாளில் தெரிந்த பெயர் வரும் நாட்களில்
அவன் பறந்த பக்கத்தைத் தேடி
ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பாள், அவ்வளவுதான்.
ஏடு இப்போது ஒட்டாவாவில், அட்டைப்பெட்டியில்.
பட்டியலிட்டவர் குறித்திருக்கிறார்:
'ஓரங்களில் ஈயின் எச்சம், பதினொரு இடம்.'

மொத்தம் இரண்டாயிரத்து நூற்றாறு மணி நேரம்.
ஒரு குண்டும் சுட்டதில்லை.
நாற்பத்தைந்தில் கழித்துவிட்டார்கள்.
ஹ்னாட் டெம்சுக் முப்பத்தைந்து டாலருக்கு வாங்கி
இரண்டு குதிரை பூட்டி இழுத்துப் போனான்.
தொட்டியில் மிச்சமிருந்த பெட்ரோல்
டிராக்டருக்கு ஒரு வாரம் வந்தது.
சக்கரங்கள் வைக்கோல் வண்டிக்கு.
இறக்கைப் பலகை பன்றிக் கொட்டகைக்கு.
கண்ணாடி, தக்காளி நாற்றுக்கு மேல்.
வழிகாட்டியின் மேஜையில் கோழிகள் முட்டையிட்டன,
முட்டை பொறுக்கப் போகும் பரஸ்கா
உள்ளே இன்னும் பெயிண்ட் வாடை என்று முணுமுணுப்பாள்.

கைப்பிடியைக் கிணற்று ராட்டினத்தில் பொருத்தினான்.
பரஸ்கா சுற்றுகிறாள், உக்ரேனிய மொழியில் எண்ணியபடி.
நாற்பதிலேயே வாளி வந்துவிடுகிறது.
மீதி நூறு
கைப்பிடிக்குள்ளேயே இருக்கிறது.