மூன்றாவது சிலிண்டர்

"சல்லி எவ்வளவு ஈக்கு?"
முஸம்மில் நானா முதலில் கேட்டது அதைத்தான்.
எஞ்சின் பேச்சு அதன்பிறகு.

சொன்னேன்.
பதினெட்டு மாத ஓவர்டைம்,
துறைமுகக் கந்தோரில் மற்றவர்களின்
கொள்கலன்களுக்கு நான் போட்ட கணக்கு.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
ஒரு பெயரிங் பெட்டியின் முதுகில் எழுதினார்,
கீழே கோடு இழுத்தார்.
கோட்டுக்குக் கீழே வெறுமை.

பஞ்சிகாவத்தையில் அந்தக் கடைக்கு மட்டும்
பகல் பத்தரைக்கும் பல்ப் வேண்டும்.
ஜப்பானில் பாதியாய் அறுத்த கார்கள்
ஒன்றன் மடியில் ஒன்று இருக்க,
அவற்றின் நடுவே ஒற்றையடிப் பாதை.

இடப்பக்கம்
ஆயிரத்து முந்நூறு சீசீ,
டேர்போவோடு பிறந்தது.
வால்வ் மூடியில் மஞ்சள் பெயின்ற் பேனாவால்
யாரோ எழுதிய ஒரு வரி.
கவனம் என்றிருக்கலாம்,
கழிவு என்றும் இருக்கலாம்.
எங்கள் மூவருக்கும் அந்த எழுத்துத் தெரியாது.

வலப்பக்கம்
ஆயிரத்து ஐந்நூறு. டேர்போ இல்லை.
"மார்க்கெட்டுக்கு மட்டும் போய்வந்த எஞ்சின், தங்கச்சி"
என்றார், கூடப் போய்வந்தவர் போல.
பாதி விலை.
மிச்சக் காசில் டேர்போ தேடி வாங்கிக் கட்டலாம்.
தடித்த ஹெட் கேஸ்கட் போட்டு
கொம்ப்ரஷனைக் கொஞ்சம் இறக்கலாம்.
"இறக்கலாம்," என்றான் அன்ஸ்லம்,
"கனெக்டிங் ரொட்டுக்கு யார் சொல்லுவது
இனிமேல் இரண்டு மடங்கு சுமை என்று?"

எதற்காக இது என்று கேட்காத ஒரே மனிதன் அவன்.
நானா கேட்டார்.
காலி வீதியில் டேர்போ ஊத எங்கே இடம்,
இரண்டாம் கியரிலேயே பம்பலப்பிட்டி வந்துவிடுமே.
ஒருக்கா, என்றேன்.
விடிய நாலரைக்கு, மரைன் டிரைவில், ஒருக்கா.
அவர் சிரிக்கவில்லை.
பற்றரியைத் தூக்கி வைத்தார்.

ஐந்நூறு முதலில்.
நான்கு துளைக்கும் நூற்றி எழுபதை ஒட்டிய எண்கள்,
பள்ளி முதல்நாள் சீருடை மாதிரி.

பிறகு முந்நூறு.
நூற்றி நாற்பத்திரண்டு.
நூற்றி நாற்பது.
தொண்ணூற்றி ஆறு.

மானியை அன்ஸ்லம் விரலால் தட்டினான்.
மறுபடி சுழற்றினான்.
தொண்ணூற்றி ஆறு.
நானா திடீரென்று தெருவில் யாரையோ கூப்பிடப் போனார்.

நாலாவது நூற்றி நாற்பத்தொன்று. அது ஒழுங்கு.
அன்ஸ்லம் ஒரு தேக்கரண்டி எண்ணெயை
மூன்றாவதின் வாய்க்குள் ஊற்றினான்.
ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது,
எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்,
என் காசு அங்கேயே முடியும்.
ஏறாவிட்டால் வால்வ்.

அந்த நாலு நொடி
ஸ்ரார்ட்டர் முக்கி முக்கிச் சுற்ற
பின்சுவரில் மழை விழத் தொடங்கியது.

ஏறவில்லை.

அப்போது எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
இதன் நோய் எங்கே என்று எனக்குத் தெரியும்.
அதற்கோ இன்னும் நோயே இல்லை,
நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.
சுகமாய் இருப்பதைப் பிடித்து
அது கேட்காத காற்றை அதன் நெஞ்சுக்குள் அடைத்து
ஒருநாள் உடைந்ததும்
தாங்காது போய்விட்டது என்று சொல்ல
எனக்கு மனம் வரவில்லை.
அதோடு, வால்வ் அரைக்கிற கூலி
இரண்டு சனிக்கிழமை ஓவர்டைம்.

நானா ஈரத்தோடு திரும்பி வந்தார்.
"மூணாவது," என்றேன்.
"தெரியும்," என்றார்.
பென்சிலை நீட்டினார்.
அவர் விட்டிருந்த வெறுமையில்
நானே எண்ணை எழுதினேன்.
ஒன்பதை மட்டும் ஏழாக்கித் திருப்பித் தந்தேன்.
நீண்ட நேரம் பார்த்தார்,
பெட்டியைக் கிழித்து அந்தத் துண்டைச் சட்டைப்பையில் வைத்தார்.

லொறியின் பின்தட்டில்
தார்ப்பாயைப் பிடித்தபடி இருவரும்.
மருதானைச் சந்தியில் எதுவும் நகரவில்லை.
மழையில் மஞ்சள் வரி அழிகிறதா என்று பார்த்தேன்,
இல்லை, நல்ல பெயின்ற்.
இன்டர்கூலர், பெற்றோல் பம்ப், கிளச்,
எஞ்சின் இலக்கம் மாற்றும் படிவங்கள்
என்று விரல் மடக்கிக்கொண்டு வந்தவன்
ஐந்தாவது விரலில் நின்றான்.

"பிரேக்குக்கு என்ன வைச்சிருக்கிறாய்?"