இல. 47/1, மேல்மாடி

ஹட்டனில் மழை மேலிருந்து பெய்வதில்லை.
பக்கவாட்டில் வந்து
குடைக்குள் தலை நீட்டி விலை கேட்கும்.

நளீம் ஹார்ட்வெயாரில்
தகரம், வாளி, ஆணிச் சாக்கு தாண்டிப்
பதினாறு படி ஏறினால் என் கடை.
ஒரு போட்டோகொப்பி மெஷின். ஒரு மேசை.
மேசையில் நூல் கட்டிய மூன்று பேனா.
கட்டாதவை இறங்கிப் போய்விடும்.
பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்
தவராஜா சேரின் ஏ.எல். வகுப்பு.
ஓ.எல்லோடு நான் விட்ட ரசாயனம்
ஒன்பது வருஷமாக இடுக்கு வழியே கசிகிறது:
இத்தனை கிராமுக்கு எத்தனை மூல்?

ஞாயிறு என்றால் படி முழுக்க ஈரச் செருப்பு.
அடையாள அட்டைக்கு, சேமலாப நிதிக்கு,
சிங்களத்தில் வந்த நோட்டீசுக்கு அர்த்தம் கேட்டு.
ஒருத்தி
பிறப்புப் பத்திரத்தில் பவளம்மா,
செக்ரோலில் பவுலம்மா,
வங்கிப் புத்தகத்தில் பாவளமா.
மூன்று பேரும் நானே என்று
சத்தியக் கடதாசி அடிக்கச் சொல்கிறாள்.
அடிக்கிறேன்.
மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து,
கொழுந்துக் கறை படிந்த விரலால்,
அவசரமே இல்லாமல்.

எல்லாப் படிவத்திலும் ஒரு கட்டம்
எங்களைப் பார்த்துச் சிரிக்கும்: நிரந்தர முகவரி.
தோட்டத்தின் பெயரை எழுதலாம்.
கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும்,
கிளாக்கரின் மேசைக்கு,
பிறகு மேசைக்கு அடியில்,
பிறகு யாரோ மலைக்குப் போகும் நாளில்
அவருக்கு ஞாபகம் இருந்தால்
லயத்துக்கு.
யோகதர்சினிக்குக் கல்வியியற் கல்லூரி நேர்முகப் பரீட்சை
மார்ச் நாலாம் திகதி.
கடிதம் கைக்கு வந்தது பதினைந்தாம் திகதி.

அடுத்த வருஷம் அதே படிவத்தோடு வந்தாள்.
பேனாவின் நூலைச் சுண்டிக்கொண்டே,
"அக்கா, இந்தக் கடை விலாசத்தப் போடவா?"

போட்டாள். அவள் பெரியம்மா மகன் போட்டான்.
அவன் சொல்லிக் கீழ் டிவிசனில் ஏழு பேர்.
இப்போது இல. 47/1இல்
அறுபத்திரண்டு பேர் இருக்கிறோம்,
பத்துக்குப் பன்னிரண்டு அடியில்.
தபால்காரர் குணபால படியேறி
மூச்சு வாங்கிச் சிரிப்பார்:
"இத்தன பேரும் எங்க நங்கி படுக்கிறது?"
கிராம சேவகர் சிரிக்கவில்லை.
எழுதிக்கொண்டு போனார்.
திரும்பி வரவில்லை, இன்னும்.

'டவுனுக்கு வந்து போறவங்க' என்பார்கள் எங்களை.
மாவும் மண்ணெண்ணெயும் கட்டிக்கொண்டு
ஆறரை பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள்.
தேர் வரும்போது வீதி எங்களுடையது,
வாக்குக் கேட்கும்போது மேடைக்கு முன்னால் எங்களுடையது,
மற்ற நாளில்
ஓரமாக நடக்க வேண்டும்.

சம்பளம் கேட்டு பஸ் நிலையத்தை மறித்த அன்று
வீதியில் எல்லாக் கதவும் விழுந்தது.
நான் பாதி இறக்கினேன்.
கீழே அறுபத்திரண்டில் பாதிப்பேர்,
என் மார்க்கரால் எழுதிய அட்டைகளோடு.
குணபால அன்றும் வந்தார்.
படியேறவில்லை.
கோஷத்துக்கு நடுவே நின்று
ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.
ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கை,
அட்டையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு.

இன்று பிற்பகல் வந்தது
அவளுடைய மண்ணிற உறை.
பிரிக்கவில்லை.
தடிப்பா மெல்லிசா என்று மட்டும் தடவிப் பார்த்தேன்.
மேல் டிவிசனில் சிக்னல் இல்லை,
மழையென்றால் போனே இல்லை.
பலகையைத் தட்டினேன்.
மூல் கணக்கு நின்றது.
"மேல் டிவிசன் யாரு?"
பெஞ்சு நகரும் சத்தம்.
இரண்டு பேர், நான்தான் நான்தான் என்று.

சமன்பாடு முடியும்வரை
ஒருவரும் எழும்பக் கூடாது என்கிறார் சேர்.
உறை மேசையில் கிடக்கிறது,
நூல் கட்டிய பேனாக்களுக்கு நடுவே.
சுவருக்கு அப்பால்
இடப்பக்கம் இன்னும் ஓர் ஒட்சிசன் குறைகிறதாம்.