பாறை தெரியுதா

ஐப்பசி. பதுளைக்கும் நுவரெலியாவுக்கும்
மஞ்சள் எச்சரிக்கை என்கிறது ரேடியோ.
மஞ்சள் என்றால் போகலாமா, கூடாதா?
அதைச் சொல்லாமல் விளம்பரத்துக்குப் போய்விட்டது.

ஒஹிய ஸ்டேஷனுக்கு அடித்தேன், மணி மட்டும் போனது.
பட்டிப்பொலைக்கு அங்கால் டர்பன்டைன் மரம் ஒன்று
ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கிறதாம்,
மரக்கறி லொறிக்காரர் சொன்னார்.
வெட்டி எடுத்தாயிற்று என்றார் இன்னொருவர்.
இரண்டு பேருமே நேற்றுப் போனவர்கள்.

கடைசியில் தவமலருக்கு எடுத்தேன்.
எல்லாரும் டிக்கெட் வாங்கி எட்டிப் பார்க்கிற
உலக முடிவின் அடியில்
ஒன்பதாம் நம்பர் லயத்தில் இருக்கிறாள்.

"பாறை தெரியுதா?"

செருப்புச் சத்தம். ஒரு கோழியை விரட்டினாள்.
"கழுத்துக்குக் கீழ தெரியுது.
தலையில முக்காடு.
விடிய வந்தா தெறக்கும்,
பத்துக்குப் பொறகு சாமியே வந்தாலும் மூடிரும்.
நேத்து கொழுந்து நிறுக்கையிலயே இடி."
"நீ மேல வந்திருக்கியா?"
"எதுக்கு? அங்க நின்னு பாத்தா இங்கதானே தெரியும்."

நாலரைக்கு சமிந்தவின் வேன்.
வாசலில் என் பையைத் திறந்து
பிஸ்கட்டின் பொலித்தீனை உரித்து
பழுப்புத் தாளில் சுற்றித் தந்தான் காவலன்.
ஊர் என்ற கட்டத்தில் நுவரெலியா என்று எழுதினேன்.
பிறந்தது பாறைக்குக் கீழே
என்று எழுத அதில் இடம் காணாது.

உள்ளே
மழை மாதத்திலும் மரை நிறத்தில் புல்.
ஒரு தேயிலைச் செடி இல்லை.
யாருக்கும் நிரை பிரிக்காத
இவ்வளவு நிலத்தை
எங்கே பார்ப்பது என்று தெரியாமல்
கால்களைப் பார்த்தே நடந்தேன்.

எட்டு மணி பத்து. உலக முடிவு.
வெள்ளை.
கம்பித் தடுப்புக்கு அப்பால் ஒன்றுமே இல்லை.
ஒரு ஜெர்மன்காரர் கமராவை மூடி
வாழைப்பழம் உரித்தார்.

போன் அடித்தது.
"வந்திட்டியா? ஒன்னயத் தெரியல."
"எனக்கும்தான்."
"ஆனியில மண்ணு விழுந்துச்சில்ல, அந்தக் கூரைக்கு
மஞ்சத் தறப்பாள் போட்டிருக்கு. அதப் பாரு."

பார்த்தேன்.
விரல் நகமளவு மூட்டம் விலகி
அடியாழத்தில்
மஞ்சளாய் ஏதோ.
தறப்பாளா, வெயில் பட்ட திட்டா,
கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது.
ஆனாலும் கையை ஆட்டினேன்.
ஜெர்மன்காரரும் எட்டிப் பார்த்து
எதற்கும் இருக்கட்டும் என்று ஆட்டினார்.

திரும்பும்போது வானம் உறும ஆரம்பித்தது.
நாளைக்கு வருகிறவர்கள் கேட்பார்களாம்,
காவலன் விசாரித்தான்:
மேலே எப்படி இருந்தது?

மஞ்சள், என்றேன்.