பதினேழு சான்றுகள்

மீனாட்சிபுரம் சாவடியில் இரவு இரண்டே கால்.
பதினேழு பால் டேங்கர்கள்.
வால்விளக்கு பொள்ளாச்சிச் சாலையில் கிடக்க
முகப்பு விளக்கு மட்டும் கேரளத்துக்குள்.

கொழிஞ்சாம்பாறையில் என் போன் அதிர்ந்தது.
ஆய்வகத்துப் பிஜீஷ்:
'இத்தா, பால் எல்லாம் பாஸ்.
சர்ட்டிபிகேட்தான் திறக்கலை.'

என் லேப்டாப்பில் ஓடுதே என்று
சொல்ல வாயெடுத்தேன்.
பின்னாலிருந்து டிரைவர் ஆறுச்சாமி:
'உங்க லேப்டாப்பைக் கேட்டுட்டா பால் புளிக்கும்?'

சாயங்காலம்தான் வார் கோப்பை ஏற்றியிருந்தேன்,
என் விண்டோசிலிருந்து அவர்கள் லினக்சுக்கு.
உள்ளே, என் கையாலேயே எழுதிய பாதை:
டி:\பால்\சான்று\

அங்கே டி என்றொரு வீடு கிடையாது.
எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை.
இடப்பக்கம் சாய்ந்த என் கோடு
அங்கே கதவும் இல்லை, சுவரும் இல்லை.
பேருக்குள் வருகிற இன்னோர் எழுத்து.

தேடினேன். ஒன்றும் தொலைந்திருக்கவில்லை.
டாம்கேட் எழுந்து நின்ற அடைவிலேயே
பதினேழும் குவிந்து கிடந்தன,
பேரென்ன என்று கேட்டால்
கதவெண், தெரு, ஊர் எல்லாவற்றையும்
ஒரே மூச்சில் ஒப்பிக்கும் பிள்ளைகளாக:
டி:\பால்\சான்று\2231 என்பது
முழுக்க முழுக்க ஒருவன் பேர்.

சிரிப்பு வந்தது.
அத்தா பேரை நான் முன்னால் ஓரெழுத்தாக எழுதுவேன்.
பாலக்காட்டு ஆபீசில் அதைப் பின்னால் நகர்த்தி
முழுசாக விரிப்பார்கள்.
இரண்டும் ஷகர்பானுதான்.
தேடினால்தான் கிடைக்க மாட்டேன்.

பாதையைக் கோப்பிலிருந்து பிடுங்கி
வெளியே அமைப்பில் வைத்தேன்.
எந்தக் கோடு என்று இனி நான் சொல்வதாயில்லை,
போய்ச் சேர்ந்த ஊரையே கேட்டுக்கொள்.
பதினேழுக்கும் பேர் சுருக்கினேன்.
மறுபடி ஏற்றினேன்.

திறக்கவில்லை.

அடைவின் பேரில் ஒரு பெரிய எஸ்.
என் விண்டோசுக்குப் பெரிசும் சின்னதும் ஒரே ஆள்.
லினக்ஸ் அண்ணன் தம்பியைத்
தனித்தனி ரேஷன் கார்டில் வைத்திருக்கிறது.

மூன்று பத்துக்கு பிஜீஷ் ஒரு கட்டைவிரல் அனுப்பினான்.
வயிற்றில் பால் வார்த்தது.
வார் என்று அந்தக் கோப்புக்குப் பேர் வைத்தவனுக்குத்
தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை.

போனை அவன் அணைக்கவில்லை.
தடுப்புக்கம்பி கிரீச்சிட்டு உயர்ந்தது.
ஆறுச்சாமி ஒரு வார்த்தை சொல்லவில்லை,
ஹாரனை மட்டும் தேவைக்கு மேல் அழுத்தினார்.