மழைக்கோட்டு, அளவு நாற்பத்திரண்டு

வில்ஃபிரட் என்ட்விசிலுக்குப்
பதினேழு வருஷம் கோட்டு மாட்டிவிட்டவள் நான்.
இடது தோள் வலதைவிட அரை அங்குலம் சரிவு.
பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறேன்.
கேமராவுக்கு அது தெரியாது.

ஆக்ரிங்டன்காரர். ஓல்டாமில் வாரம் ஒரு நாடகம்:
காலையில் அடுத்த வாரத்து வசனம்,
மாலையில் இந்த வாரத்து வசனம்,
இரவு வாடகை அறையில், போன வாரத்தது
கூப்பிடாமலே வந்து நிற்குமாம்.
ஞாயிறுகள் க்ரூ ரயில் நிலையத்தில் போயின.
வண்டி மாறும் நடைமேடையில்
பிரபுவும் கொலையாளியும் பணிப்பெண்ணும்
ஒரே பொட்டலத்து வறுவலைத் தின்றபடி
எந்த வீட்டுக்காரி வெந்நீருக்குத் தனிக்காசு கேட்கிறாள்
என்று பேசிக்கொள்வார்கள்.

மோர்கம்பில் ஒருமுறை அரசனாக நடித்தார்.
மூன்றே இரவு. அசல் அரசனுக்கு அம்மை.
எப்படி இருந்தது என்று கேட்டேன்.
"கிரீடம் பெரிசு. காதில் உட்கார்ந்தது."

பிறகு தொலைக்காட்சி வந்தது.
அதற்கு ஒரு முகம் வேண்டியிருந்தது:
கதவைத் திறந்தவள் பார்த்ததும்
கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட வேண்டும், அப்படியொன்று.
இன்ஸ்பெக்டர், சார்ஜெண்ட், ஒருதரம் கடற்படை அதிகாரி.
மணியடிப்பார். தொப்பியைக் கழற்றுவார்.
"மேடம், உள்ளே வரலாமா?"

தையல் நோட்டின் பின்னட்டையில் எண்ணி வைத்திருந்தேன்,
நூற்றுப் பன்னிரண்டு கதவுகள்.
அநேகமாக எதன் பின்னாலும் வீடு கிடையாது.
ஒட்டுப்பலகை, முட்டுக் கொடுத்த கட்டை,
ஃபிளாஸ்க்கோடு கால் மாற்றி நிற்கும் மின்தொழிலாளி.

மகனை இழந்தவளுக்குத் தொப்பியை மெதுவாக எடுப்பார்.
கணவனை இழந்தவளுக்கு ஒரே வீச்சில்.
திறந்தது குழந்தையென்றால்
எடுப்பதில்லை.

அவர் சண்டை போட்டது ஒரே வசனத்துக்கு.
அதுவும் அவருடையதல்ல.
செய்தி கேட்ட பெண் எழுந்து
"தேநீர் குடிக்கிறீர்களா?" என்பாள்.
யார் எழுதினாலும் அது வந்துவிடும்.
"உயிர் போன வீட்டில் எவள் கேட்பாள்?
எழுதுகிறவனுக்குத்தான் தாகம்!"
லீட்ஸ் ஸ்டுடியோவே திரும்பிப் பார்த்தது.
வசனம் போகவில்லை. நடிகை கேட்டாள்.
அவர் முறைத்தார்.
அந்த முறைப்பைத்தான் பத்திரிகையில்
அடக்கிய துயரம் என்று எழுதினார்கள்.

எழுபத்தொன்பது பிப்ரவரி, டாட்மோர்டன் சாலையில் பனி.
டோரீன் போன பேருந்து.
மூன்று வாரம் கழித்து வேலைக்கு வந்தவர்,
நான் இரண்டாம் பொத்தானைப் போடுகையில்
கண்ணாடியிடம் சொன்னார்:

"வந்தவனுக்கு இருபத்திரண்டு இருக்கும்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, வார் தாடையில் சிக்கிக்கொண்டது.
என் முகத்தைப் பார்த்தான்.
'நீங்கள்... அந்த...' என்று
வந்த காரியம் மறந்து சிரித்துவிட்டான், ஐவி.
ஒரு நொடிதான்.
அப்புறம் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவனுக்கு.
கதவின் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று
அப்போது எனக்குப் புரிந்தது.
தப்பும் தவறுமாகச் சொன்னான்.
நான் எழுந்தேன். என்ன கேட்டேன் தெரியுமா?"

தெரியும் என்று நான் சொல்லவில்லை.
மூன்றாம் பொத்தான்.

"இரண்டு சர்க்கரை போட்டுக்கொண்டான்."

அன்று கதவு நூற்றுப் பதிமூன்று.
நடிகை எழுந்து அதையே கேட்டாள்.
தாளில் இருந்தது: வேண்டாம், மேடம்.
"கொடுங்கள்" என்றார் வில்ஃபிரட்.

அவள் ஒருகணம் விழித்தாள்.
பிறகு இல்லாத சமையலறைக்குள் போனாள்.
அவர் சோபாவில், தொப்பி முழங்காலில்.
யாரும் கட் சொல்லவில்லை.
ஒட்டுப்பலகைக்குப் பின்னால்
மின்தொழிலாளி சத்தமில்லாமல் திருகித் திறந்தான்.
ஃபிளாஸ்க் மூடியை இரு கையாலும் ஏந்தி
அவள் திரும்பி வந்தாள். கொஞ்சம் சிந்தியது.
சர்க்கரை இல்லை. குடித்தார்.

ஒளிபரப்பானது வேறு டேக்.
அதில் வேண்டாம் என்கிறார்.