கப்பல்தான்

ராத்திரி இரண்டே கால்.
துறைமுகத்தில் எதுவோ நீளமாய் ஊத
எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.
உடம்பு முந்திக்கொண்டது. புத்தி
செருப்பு தேடிக்கொண்டு பின்னால் வந்தது.

சபையை விட்டு நாலு வருஷம் ஏழு மாசம்.
இன்னமும் அந்தச் சத்தத்துக்கு முழங்கால் மடங்குகிறது.
எக்காளம் ஊதும், நல்லவர்கள் மேலே போவார்கள்,
கொதிக்கிற உலையை அப்படியே விட்டு,
ஓடுகிற தையல் மிஷினை அப்படியே விட்டு.
மிச்சமானவள் வீடு வீடாய்த் தட்டிப் பார்ப்பாள்.

எட்டு வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால்
வீட்டில் யாருமில்லை. வாசலில் அம்மாவின் செருப்பு மட்டும்.
தண்ணி லாரி வந்திருந்தது, அவ்வளவுதான்.
வெறுங்காலோடு ஓடிய அம்மா குடத்தோடு திரும்புவதற்குள்
நான் ஒருமுறை கைவிடப்பட்டு முடித்திருந்தேன்.

தபித்தாள் இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.
“கப்பல்தான்” என்றாள்.
அலோ இல்லை, என்ன ஆச்சு இல்லை.
“எனக்கும் கேட்டுச்சு. தண்ணி குடி.”

அவளை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கண்டேன்.
முப்பத்தொரு வயதில் என் முதல் மாத்திரை.
விழுங்கத் தெரியாமல் மென்றுவிட்டேன்.
“மெல்லக் கூடாதுக்கா. நானும் மொதல்ல மென்னேன்”
வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல்.
மருந்தே பாவம் என்று வளர்ந்தவளை
அப்படி வளர்ந்த இன்னொருத்திதான் கண்டுபிடிக்க முடியும்.

பிறகு எப்பிராயீம் வந்து சேர்ந்தான், எண்ணூர் ரோட்டில்
கன்டெய்னர் ஓட்டுகிறவன்.
ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு
எங்கள் கைகளுக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது.
அதனால் காசிமேட்டுக்குப் போகிறோம், மூன்று பேரும்.
ஏலம் விடுகிறவன் வேகம் கூட்டும்போது
வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டி
அந்நிய பாஷையாகும். எப்பிராயீம் முகம் வெளிறும்.
தபித்தாள் அவன் முழங்கையைப் பிடித்து
விலையை மட்டும் காதில் சொல்வாள்:
“வவ்வா மீனு. கூடை ஆயிரத்தி எரநூறு. வேற ஒண்ணும் இல்ல.”
அவன் மூச்சு விடுவான். நாங்கள் சங்கரா வாங்குவோம்.

“நீ இருக்கியே, அதுவே சாட்சி” என்றேன் போனில்.
“லூசு. நானும் விட்டு வந்தவதானே.
நாம ரெண்டு பேரும் இருந்தா
அதுல என்னா நிரூபணம்?”
சிரித்தோம்.
சிரிப்பு நின்றதும் இரண்டு பேருக்கும் வயிறு சில்லிட்டது.

எப்பிராயீமிடமிருந்து ஒரு போட்டோ வந்தது, லாரி வரிசை.
‘இங்க முந்நூறு டிரைவர். ஒருத்தனும் மேல போவல.’
“அவுனுங்க எப்படிப் போவானுங்க” என்றாள்.
பிறகு, குரலைத் தாழ்த்தி, “உங்கம்மாவக் கூப்புடுவமா?”

ராயபுரத்தில் அம்மா.
வெள்ளைச் சேலை, மூளியான காது,
மேலே போகிறவர்கள் பட்டியலில் நான் போட்ட முதல் பெயர்.
என் நம்பரை எடுப்பதில்லை.
தபித்தாள் தன் நம்பரிலிருந்து கான்பரன்ஸ் போட்டாள்.
ஐந்து மணி. ஆறு.
கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“அலோ, யாரு?”

இருக்கிறாள்.
சளி கட்டிய குரலோடு பூமியில்தான் இருக்கிறாள்.
நான் வாய் திறக்கவில்லை.
அப்போது மறுபடி ஊதியது,
போனுக்குள் முதலில், அப்புறம் என் ஜன்னலில்.
அம்மாவின் மூச்சு நின்றது.
எனக்குத் தெரியும் அந்த நிற்றல். அது என்னுடையது.

“கப்பல்தாம்மா” என்றேன்.

பதில் இல்லை. கட் பண்ணவும் இல்லை.
கொருக்குப்பேட்டையில் தபித்தாளின் பிள்ளை
முனகி அழத் தொடங்கியது.

“யாரு கொழந்த?” என்றாள் அம்மா.
நாலு வருஷத்தில் முதல் கேள்வி,
எனக்கில்லை.
“என் பையன்மா. காய்ச்சல்.”
“ஈரத்துணி போடு நெத்தியில.”
“போட்டேன். மருந்தும் குடுத்தேன்மா.”

தூரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிகிறவரை
மூன்று பேரும் பேசவில்லை.

“சரி” என்றாள் அம்மா. “காத்தாடிய நேரா வெக்காத.”