கானாங்கெளுத்தி

சூரியநாராயணா தெருவில் என் கடை
ஆறடிக்கு நாலடி.
ஐஸ் லாரி போனால்
மேசையில் ஸ்க்ரூ எல்லாம் இடம் மாறும்.

தேசம்மா போனை வைத்தாள்.
"டச்சு போச்சு. மாத்திக் குடு."

நான் தொட்டேன், திறந்தது.
அவள் தொட்டாள், கம்மென்று கிடந்தது.
மறுபடி நான். மறுபடி அவள்.
"ஆளு பாத்து வேலை செய்யுதா இது?"

என்னத்தைச் சொல்ல.
கூரியர்க்காரன் கையெழுத்து வாங்குவானே, அந்தப் பழைய மெஷின்,
அதுவாக இருந்தால் கவலையில்லை அக்கா, என்றேன்.
மேலே மெல்லிய தாள், கீழே கண்ணாடி, நடுவில் மயிரிழைச் சந்து.
அழுத்தினால் இரண்டும் ஒட்டும்.
நகமோ குச்சியோ கத்திப் பிடியோ
அதற்கு வேண்டியது பாரம்.

ஸ்டேஷன் டிக்கெட் மெஷின் வேற.
சட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்
குறுக்கும் நெடுக்கும், வலை மாதிரி.
எது விழுந்தாலும் சிக்கியதாகக் கணக்கு.
ஈ உட்கார்ந்தால்
ஈக்கும் பேசின் பிரிட்ஜுக்கு டிக்கெட்.

"இது?"

இது உசுரைக் கேட்கும் அக்கா.
கண்ணாடிக்கு அடியில் துளி கரண்ட் காத்திருக்கும்.
உயிருள்ள விரல் கிட்டே வந்தால்
கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும்.
சாய்ந்த இடம்தான் தொட்ட இடம்.

விரலை நீட்டினாள்.
இருபத்திரண்டு வருஷ வஞ்சிரச் செதில்,
உப்பு, ஐஸ், அரிவாள்மனைத் தழும்பு.
நுனியில் தோலுக்கு மேல் தோல், காய்ந்து.
கரண்ட் அதைத் தாண்டி வரவில்லை.
ஈரக்கையோடு தொட்டால் இன்னும் மோசம்,
உப்புத்தண்ணி சொட்டும் இடமெல்லாம்
விரல் என்று நினைத்துக்கொள்ளும்.

"தோல் தடிச்சிருக்கு" என்றேன்.
சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

அவள் கூடையைத் துழாவி
ஒரு கானாங்கெளுத்தியை எடுத்தாள்.
உள்ளங்கை நிறையப் பிடித்து,
மூக்கை மட்டும் முந்தானையில் துடைத்து,
திரையில் ஒரு இழு.

திறந்துகொண்டது.

"ராத்திரியே செத்தது இது"
என்றாள். சிரிக்கவில்லை.
"இதத் தெரியுது அதுக்கு."

உசுரு என்று நான் சொன்னது தப்பு.
ஈரமாக ஏதோ ஒன்று போதும் அதற்கு.
திருத்திச் சொல்ல வாய் வரவில்லை.

போன் அடித்தது.
மீனாலேயே பச்சையை இழுத்து,
தோளில் போனை இடுக்கி,
"கடையிலதான் இருக்கேன், சொல்லு" என்றபடி இறங்கினாள்.
காசு நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

வளைவு திரும்பும்வரை பார்த்தேன்.
மீனைக் கூடையில் போடவில்லை.